கனிசியஸின் கல்லறையில் சிமியோனின் சின்னவிரல்

சிமியோன் முற்றத்து நிழலில் இருந்து கிழிந்த வலையை நூலிட்டுப் பொத்திக்கொண்டிருந்தார். நூலை இழுத்துப் பிடிக்க அவருக்கு வலக்கைச் சின்னவிரல் ஒன்றே போதும். அது நடுவில் வளைந்து கொளுக்கி போல நிற்கும். கையை எவ்வளவு இறுக்கி மடக்கினாலும் அந்த விரல் மட்டும் உள்ளே போகாது.

மேசன் செபநாயகம் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, உங்கடை வலக்கை ஒருக்கா வேணும்."

"கொண்டுபோ. பொழுதுபட முதல் திருப்பித் தந்திடு. வலை முடிக்கவேணும்."

"பகிடி இல்லை அண்ணை. கனிசியஸ் அண்ணைக்குக் கல்லறை கட்டுறம். சிலுவைக்குக் கீழை சீமெந்திலை ஒரு குத்துக்கை, குத்துச்சண்டைக்கு மடக்கின மாதிரி. அவரின்ரை கைக்கு ஈடான கை குருநகரிலை உங்களிட்டைத்தான் இருக்கு."

சிமியோன் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

விக்டோரியா மகாராணி காலத்தில், கப்பல்காரரிடம் பார்த்துப் பழகிய வெறுங்கைக் குத்துச்சண்டையில் கனிசியஸை வெல்ல ஆளில்லை. வெள்ளைக்காரரையும் மணலில் படுக்கவைத்தவர். சிமியோனையும் படுக்கவைத்தார். பந்தயம் ஒரு கிடாய். வென்ற கனிசியஸ் அதைக் கறியாக்கி, தோற்றவருக்கும் ஒரு சட்டி அனுப்பினார். சிமியோன் கறியைச் சாப்பிட்டார், ஆளை மன்னிக்கவில்லை.

விழுவதற்கு முன் அவரும் ஒரு குத்துக் குத்தியிருந்தார். அது கனிசியஸின் தாடையில் பட்டதில்தான் சின்னவிரல் முறிந்தது. ஊர் அதை நம்பவில்லை. விழும்போது வள்ளத்து விளிம்பில் அடிபட்டது என்று சொல்லிச் சிரித்தது. கனிசியஸும் வாய் திறக்கவில்லை. இந்த மாசி மாதம் அவர் செத்துப்போனதோடு, சாட்சி சொல்ல அந்த விரலை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

"அவன்ரை கல்லறைக்கு என்ரை கையோ?" என்றார்.

அடுப்படியிலிருந்து மகள் யசிந்தா எட்டிப் பார்த்தாள். மிசன் ஆசுப்பத்திரியில் தாதி வேலை பழகியவள். எலும்பு முறிந்தவர்களுக்கு மாக்கட்டுப் போட்ட கை அவளுடையது.

"குடுங்கோ அப்பு. நீங்கள் விழுந்ததை மட்டும்தானே ஊர் கதைக்குது. கையாவது நிமிர்ந்து நிக்கட்டும்."

அவளே தகப்பனின் கைக்கு எண்ணெய் பூசி, மாக்கட்டைச் சுற்றி, காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து எடுத்தாள். மணிக்கட்டு மயிர் பாதி அதோடு போனது.

"கனிசியஸ் கூட இப்பிடி நோகப்பண்ணேல்லை" என்றார் சிமியோன்.

செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல்நாள், அந்த அச்சில் செபநாயகம் வார்த்த சீமெந்துக் கை சேமக்காலையில் கனிசியஸின் கல்லறைமேல் ஏறியது. பார்க்கப் போன சிமியோன், செபநாயகத்தின் கையில் உளியைக் கண்டார்.

"சின்னவிரல் துருத்திக்கொண்டு நிக்குது அண்ணை. கனிசியஸ் அண்ணையின்ரை விரல் நேர். தட்டிப்போட்டு மடக்கிப் பூசிவிடுறன்."

"தொட்டால் உன்ரை விரலும் இப்பிடித்தான் நிக்கும்."

"கல்லறை உங்கடையோ? கத்தரீனா அக்கா சொல்லட்டும்."

கனிசியஸின் மனைவி கத்தரீனாவின் வீட்டு வாசலைச் சிமியோன் அந்தச் சண்டைக்குப் பிறகு மிதித்ததில்லை. அன்று யசிந்தா அவரைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். அவள்தான் விசயத்தைச் சொன்னாள். கத்தரீனா பாக்கு வெட்டுவதை நிறுத்தி, அவருடைய விரலை உற்றுப் பார்த்தார்.

"எங்கடை மனுசன் சாகுமட்டும் இடப்பக்கத்தாலை ஒண்டும் கடிச்சதில்லை. தேத்தண்ணிக்குக் கடிக்கிற பனங்கட்டியும் வலப்பக்கத்தாலைதான். ஏனெண்டு கேட்டால் பல்லுச்சூத்தை எண்டுவார். நானும் கண்டனான், அந்தப் பக்கத்திலை சூத்தையும் இல்லை, பல்லும் இல்லை."

சிமியோன் ஓரடி முன்னே வந்தார்.

"எந்தப் பக்கம் எண்டனீங்கள்?"

"இடப்பக்கம்."

"நான் குத்தினதும் அந்தப் பக்கம்தான்."

"உங்கடை ஒரு குத்தாலை முப்பது வருசம் நான் அவருக்கு இறைச்சியைக் குழைய அவிச்சன் அண்ணை. அதுக்கு ஆர் கல்லறை கட்டுறது? விரல் நிக்கட்டும். செபநாயகத்தை உளியோடை வீட்டை போகச் சொல்லு பிள்ளை."

மறுநாள் காலை பங்குச் சுவாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும், கத்தரீனா மாலையோடு முன்னே வந்தார். மொழுக்கென்ற சீமெந்துக் கையில் அது நிற்கவில்லை. இரண்டு தரம் வைத்தார், இரண்டு தரமும் சறுக்கி மணலில் விழுந்தது. சிமியோன் அதைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, சின்னவிரலில் கொளுவிவிட்டார். மாலை காற்றில் ஆடியது; விழவில்லை.

"அளவாய்த்தான் இருக்கு" என்றார் செபநாயகம், தானே யோசித்துச் செய்தவர் போல.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சிமியோன் பனங்கட்டியை வலப்பக்கத்தால் மட்டும் கடித்துப் பார்த்தார். சிரமமாகத்தான் இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கி, அதையும் அப்படியே கடித்து முடித்துவிட்டு, வலையை எடுத்தார்.