செப்புக் கொப்பரையில் ஒரு துளை

பனி இன்னும் கூரையைவிட்டு இறங்காத ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. யோருன் தன் கணவன் வீட்டுச் செப்புக் கொப்பரையைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து, அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே சுண்ணக்கட்டியால் ஒரு சிறு வட்டம் போட்டாள். அந்த வீட்டின் ஐந்து தலைமுறைக் கல்யாணங்களுக்கும் இழவுகளுக்கும் கிறிஸ்துமஸ்களுக்கும் பீர் காய்ச்சிக் கொடுத்த கொப்பரை அது. ஒரு கீறல்கூட விழாமல் காத்து வந்திருந்தார்கள்.

வாசலில் நின்றுகொண்டிருந்த கணவன் அஸ்லாக்குக்கு வட்டத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"அதுல ஓட்டை போடறதுக்கு என் மண்டையில போட்டுடு" என்றான்.

"உன் மண்டையில போட்டா என்ன ஒழுகப் போகுது? எனக்கு இதுலதான் ஒழுகணும்."

அவன் சிரிக்கவில்லை. உள்ளே வரவும் இல்லை. பீர் காய்ச்சுகிற அந்தக் கொட்டகைக்குள் அவன் கால் வைத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. கடைசியாக வைத்த கால்தான் வெந்துபோயிருந்தது.

அதுவரைக்கும் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் வழக்கம் ஒன்றுதான். மால்ட் என்று சொல்கிற, முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஜூனிபர் என்கிற ஊசியிலைச் செடியின் கிளை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் ஊறவைத்து, சாறு வடித்து, கொப்பரையில் நாலு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். கொதித்ததை வாளி வாளியாக முகந்து, ஈரக் கல்தரையில் நடந்துபோய், ஆற வைக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டும். நூற்றைம்பது லிட்டர் என்றால் பதினைந்து நடை. அஸ்லாக் பதினொன்றாவது நடையில் வழுக்கினான். வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து வந்துவிட்டது. நாலு மாதம் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீடு திரும்பியவன் கொட்டகையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யாராவது காய்ச்சி மால்ட் வாசனை காற்றில் வந்தால், ஆடுகளைப் பார்க்கிற சாக்கில் மலைமேல் ஏறிவிடுவான்.

யோருன் அதைப் பற்றி அவனிடம் பேசவே இல்லை. அவளுக்குப் பேசித் தீர்க்கிற பழக்கம் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் குழாய் கழுவுகிற வேலை. எந்த வால்வு எப்போது அடைக்கும், எந்த வாஷர் எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பழைய பால் தொட்டிகளைக் கழித்துக்கட்டிப் புதியவை வாங்கிய வருடம், மேலாளரைக் கேட்டு ஒரு வால்வையும் வளையம் வளையமாகச் சுற்றிய எஃகுக் குழாயையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கோலுக்கு அடியில் போட்டு வைத்தாள். எதற்கென்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

வருகிற ஜூனில் மகள் கீடாவுக்குக் கல்யாணம் என்று அந்தக் குளிர்காலத்தில் முடிவானதும் பக்கத்துப் பண்ணை ஹெர்மோட் வந்தார். அஸ்லாக்கைவிடப் பத்து வயது பெரியவர். நல்ல மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் ஊசி குத்தாமல் மூட மாட்டார்.

"கல்யாணத்துக்கு நானே காய்ச்சித் தந்துடறேன். உங்க கொட்டகையிலதான் எலி குடும்பம் நடத்துதாமே."

யோருன்தான் பதில் சொன்னாள். "எலியைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க பீர்தான்."

"யாரு தூக்குவா?"

"யாரும் தூக்க வேண்டாம்."

அவள் மனதில் இருந்தது அவ்வளவுதான். கொதிக்கிற எதையும் யாரும் கையால் தூக்கக் கூடாது. கொப்பரையை உயரமான இரும்புத் தாங்கியில் ஏற்றி, அடியில் எரிவாயு அடுப்பு வைப்பது. பக்கவாட்டில் வால்வு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அந்த எஃகுச் சுருள்குழாய்க்குப் போகும். சுருளை ஒரு பீப்பாய்க்குள் நிறுத்தி, ஓடைத் தண்ணீரை அதைச் சுற்றி ஓடவிட்டால், ஒரு முனையில் கொதியாகப் போகிற சாறு மறு முனையில் இளஞ்சூடாக வெளியே வந்து தானாகத் தொட்டியில் விழும்.

துளை போடுவதுதான் ஆபத்தான வேலை. செம்பு மெல்லியது, டிரில் முனை சறுக்கினால் கிழிந்துவிடும். உள்பக்கம் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, எண்ணெய் விட்டு, கையால் சுற்றும் டிரில்லை மெதுவாகச் சுற்றினாள். செப்புச் சுருள் மோதிரம் மோதிரமாக மடியில் விழுந்தது. முடிந்தபோது துளை வட்டத்துக்குள் அச்சாக இருந்தது.

துளையில் வால்வைப் பொருத்திப் பச்சைத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொதிக்க வைத்தபோது ரப்பர் வாஷர் இளகி, சொட்டு ஓட்டமாக மாறியது. திங்கட்கிழமை சங்கத்து ஸ்டோருக்குப் போய், கொதிநீர் தாங்குகிற வெள்ளை வாஷரை வாங்கி வந்து மாற்றினாள். பிறகு மூன்று மணி நேரம் கொதித்தும் வால்வு ஓரம் காய்ந்தே இருந்தது. அன்று இரவு சாப்பாட்டில் அஸ்லாக் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, யாரையோ கேட்பதுபோலக் கேட்டான்: "தண்ணி நிக்குதா?"

"நிக்குது."

அவன் அடுத்த கிழங்கை எடுத்தான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, விடியற்காலையில் தொடங்கிக் காய்ச்சினாள். பத்து மணிக்குள் கொட்டகை முழுக்கத் தேனும் ரொட்டியும் கலந்த வாசனை. கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டு, நாலு மணி நேரம் கொதிக்கவிட்டு, நடுப்பகல் தாண்டியதும் அடுப்பை அணைத்தாள். ஓடைத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு வால்வைத் திறந்தாள்.

ஒரு கோப்பை அளவு வந்தது. நின்றது.

மூடித் திறந்தாள். ஒன்றுமில்லை. வால்வுக்கு முன்னால் வடிகட்டியாக ஜூனிபர் கிளைகளைப் பரப்பி வைத்திருந்தாள். அதற்கு அடியில் பூ நுழைந்து அடைத்துக்கொண்டது என்று புரிந்தது. நீண்ட மரத்துடுப்பால் துழாவினால் ஆவி முகத்தில் அடிக்கிறது, முனை அந்த இடத்தைத் தொடவில்லை. இப்படியே விட்டுவைத்தால் இரவுக்குள் புளித்துவிடும். மூன்று மாத வேலை, மகள் கல்யாணத்துப் பீர். மூலையில் பழைய வாளி இருந்தது. பத்தே நடை, பதினைந்தே நடை, மெதுவாகப் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை எடுத்தாள்.

"கீழ வை அதை."

அஸ்லாக் வாசலுக்கு உள்ளே நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அடைச்சுக்கிச்சு அஸ்லாக். வேற வழி இல்ல."

"கீழ வைன்னு சொன்னேன்ல." அவனே வந்து வாளியைப் பிடுங்கி வெளியே எறிந்தான். அது முற்றத்தில் உருண்டுபோகிற சத்தம் கேட்டது. "சங்கத்துல பால் குழாய் அடைச்சா என்ன பண்ணுவ?"

"மறுபக்கத்துலேருந்து தண்ணி அடிச்சுத் தள்ளுவேன். அதுக்கு பம்ப் வேணுமே, இங்க எங்க இருக்கு?"

அஸ்லாக் அண்ணாந்து பார்த்தான். கொப்பரைக்கு மேலே, வைக்கோல் வைக்கிற பரண். "கொப்பரையைவிட உயரத்துலேருந்து ஊத்துனா பம்ப் எதுக்கு?"

யோருன் வால்வை மூடி, ரப்பர் குழாயைச் சுருளிலிருந்து கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். வலது கால் மடங்காமல், ஒவ்வொரு படியிலும் இடது காலை வைத்து, வலதை இழுத்துக்கொண்டு ஏறினான். அவள் காய்ச்சி ஆற வைத்திருந்த தண்ணீரைப் பால் கேனில் நிரப்பிக் கயிற்றில் கட்ட, அவன் மேலே இழுத்தான். குழாய் முனையில் புனலைச் செருகி நிரப்பினான்.

"தெற!"

அவள் திறந்தாள். புனலில் தண்ணீர் அப்படியே நின்றது. அஸ்லாக் குழாயை இன்னும் ஒரு முழம் உயர்த்தி மறுபடி நிரப்பினான். திடீரென்று கொப்பரைக்குள் 'கொளக்' என்று ஒரு பெரிய குமிழி எழும்பியது. அடியில் கிடந்த பூவெல்லாம் மேலே மிதந்து வந்தது. புனல் காலியாயிற்று.

"போயிருச்சு! தண்ணி உள்ள போயிருச்சு!" என்று அவன் பரணிலிருந்து கத்தினான்.

வால்வை மூடி, குழாயை இறக்கி மறுபடி சுருளில் மாட்டித் திறந்தபோது, முதலில் இருமினாற்போல் இரண்டு தரம் துப்பிவிட்டு, விரல் கனத்தில் பழுப்பு நிறச் சாறு தொட்டியில் விழ ஆரம்பித்தது. அவள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுதான். இருவரும் ஏணியின் கடைசிப் படியில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, நூற்றைம்பது லிட்டரும் இறங்கி முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எதையும் தூக்கவில்லை.

"அழறியா?" என்றான் அவன்.

"ஆவி."

"ஆவி நின்னு அரை மணி ஆச்சு."

அவள் அவன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாற்றைப் பீராக நொதிக்க வைக்கிற வீட்டு ஈஸ்ட் மூன்று வருடமாக மாவு டப்பாவுக்குள், துணியில் காய்ந்து கிடந்தது. அது பிழைக்குமா என்கிற கவலை வேறு. அந்த ஊர்ப் பக்கத்தில் ஈஸ்ட்டைப் போடுகிறபோது வீட்டு ஆண் தொட்டியைப் பார்த்துக் கூச்சல் போட வேண்டும். அந்தச் சத்தத்தில் ஈஸ்ட் திடுக்கிட்டு விழித்துக்கொண்டால் பீர் முறுக்காக வரும் என்று நம்பிக்கை. அஸ்லாக் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. எதிரே கடற்கழிக்கு அக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். மறுநாள் காலை தொட்டிமேல் ஒரு சாண் உயரத்துக்கு நுரை நின்றது.

பீரைப் பீப்பாய்க்கு மாற்றுகிற அன்று அக்கம்பக்கத்தார் வந்து ருசி பார்ப்பது வழக்கம். ஹெர்மோட் முதலில் பீரைக் கேட்கவில்லை. கொப்பரையைச் சுற்றி வந்து வால்வைத் தடவிப் பார்த்தார்.

"கொப்பரைக்கு மூத்திரம் போகக் குழாய் வச்சிருக்கா உன் பொண்டாட்டி" என்றார். பிறகு மரக்கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை. "உப்புச் சப்பில்லாம இருக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன். ஒரு குறையும் சொல்ல முடியலையே, எரிச்சலா இருக்கு."

"இன்னும் ஊத்தட்டுமா?" என்று அஸ்லாக் கேட்டான்.

"கேக்கறதப் பாரு."

கல்யாணத்தின் இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் பீப்பாய்கள் காலி. யோருன் ஜூனிபருக்கு அடியில் வைக்கப் பால் வடிகட்டித் தகட்டில் ஒரு சல்லடை வெட்டிச் செய்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அடைக்கவில்லை. ஆகஸ்ட்டில் ஹெர்மோட் தன் கொப்பரையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். ஓட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. "எந்தப் பக்கம் நல்லது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸ் பீரை அஸ்லாக் தனியாகவே காய்ச்சினான். யோருன் சமையலறை மேஜையில் தலை சாய்த்து, மதியம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினாள்.