பெரியப்பா கொடுக்காத முடி

சுங்கை சோவில் எங்கள் வீட்டு ஹாலில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், ஓர் இசைத்தட்டின் அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அட்டையில் நான்கு இளைஞர்கள். நான்கு பேருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரி ஒட்டிப்பிடித்த கால்சட்டை, நெற்றியை மறைத்து விழும் முடி. இடது ஓரத்தில் சிவப்புக் கித்தாரோடு நிற்பவர் என் பெரியப்பா சிவானந்தம். நால்வரில் அவருக்குத்தான் முடி அதிகம்.

அந்தப் படத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவுக்கோ அதுதான் பெருமை. கேஸ் தோம்பு கொண்டுவந்து இறக்கும் ஆளைக்கூட நிறுத்தி, "இது எங்கண்ணன்" என்று காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். பெரியப்பா வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் பேச மாட்டோம்.

அறுபதுகளில் இந்த நாட்டில் கித்தார் பைத்தியம் பிடித்து ஆட்டியது. மூன்று மின்சாரக் கித்தாரும் ஒரு டிரம் செட்டும் கிடைத்தால் போதும், ஒரு கோஷ்டி முளைத்துவிடும். குகிரான் என்று அதற்கு மலாயில் பெயர். கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரின் மூத்த மகனான பெரியப்பாவும் இரண்டு மலாய்ப் பையன்களோடும் ஒரு சீனக் கடைக்காரர் மகனோடும் சேர்ந்து ஒன்றை ஆரம்பித்தார். பெயர் லாலாங் பாய்ஸ். பெயருக்கு ஏற்ற மாதிரி நால்வர் தலையிலும் காடாய் மண்டும் லாலாங் புல். பழைய கொப்பரைக் கொட்டகைதான் அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடம். கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், கல்யாணத்துக்கு வாசித்தார்கள், பிறகு ஊர் ஊராக மேடை ஏறினார்கள். பெரியப்பாவின் விரலுக்குக் கைதட்டல், முடிக்கு விசில் என்று அப்பா சொல்வார்.

சிங்கப்பூர் கம்பெனி ஒன்று அவர்களை அழைத்து நான்கு பாட்டுப் பதிவு செய்தது. அட்டைப் படத்துக்கு மட்டும் வேறொரு நாள் குறித்துவிட்டு, யாரும் முடியில் கை வைக்கக் கூடாது, பாட்டைவிட முடிதான் விற்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

படம் எடுக்க மூன்று நாள் இருக்கும்போது தாத்தா மரத்தடியில் விழுந்து இறந்துபோனார். நெஞ்சுவலி. பால் வாளி கையிலேயே இருந்ததாம்.

தகப்பனுக்கு மூத்தவன் மொட்டையடித்துக் கொள்ளி வைக்க வேண்டும். தோட்டத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லாத முறை. பெரியப்பா தொழிலாளர் லயத்து வாசலில் தலையைக் குனிந்து நின்றார். கத்தியோடு வந்தவர் தண்ணீர் தெளிக்கப் போனபோது தலையை இழுத்துக்கொண்டார். படம் முடியட்டும், கருமக்கிரியை அன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவருடைய அம்மா இராஜம்மா அழுகையை நிறுத்தினார்.

"மசுருதான் பெருசுன்னா சட்டியத் தொடாத."

அவ்வளவுதான் சொன்னார். பதினாறு வயது அப்பா போய்ப் பலகையில் உட்கார்ந்தார். தலையை மழித்தார்கள். கொள்ளிச் சட்டி அவர் கைக்குப் போனது. பெரியப்பா கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்து சுடுகாட்டுக்குப் போனார், அன்று மாலையே சிங்கப்பூருக்கு ரயில் ஏறினார்.

கொள்ளிச் சட்டியோடு குடும்பமும் கைமாறும் என்பதை அவர் யோசிக்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இருந்தால்தான் லயத்தில் வீடு. மொட்டைத் தலையோடு நின்ற பையனைப் பார்த்து, "இனி நீதான்லா வீட்டு ஆம்பள" என்று வேலை வாங்கும் மண்டோர் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்தார். அப்பா படிப்பில் சூரர், தோட்ட ஆபீசில் கிராணியாக வேண்டும் என்று கனவு கண்டவர். பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டே மரம் வெட்டப் போனார். வேறு சட்டை இல்லை. கருமக்கிரியை முடிந்து சில வாரம் கழித்துப் பெரியப்பா புது இசைத்தட்டோடு வந்தபோது தம்பியின் உள்ளங்கை காய்த்திருந்தது.

இரண்டு வருடம் பெரியப்பா பெரிய ஆளாக இருந்தார். அப்புறம் காற்று மாறியது. கோஷ்டியில் ஒருவர் பட்டாளத்துக்குப் போனார், ஒருவர் தன் தகப்பனாரின் கடைக்குப் போனார். பெரியப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இராஜம்மா சாகும்வரை அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது முறை என்பதால், அவர் போனபோதும் சட்டி அப்பாவிடமே வந்தது. தாத்தாவுக்கு வருடா வருடம் திதி கொடுக்கும்போது அப்பா தண்ணீர் வார்ப்பார். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்பார்.

அப்பா ஒரு நாள்கூட அவரைக் குத்திப் பேசியதில்லை. அதற்குப் பதில் கிண்டல் செய்வார். மூத்தவருக்கு முடி முக்கியம், எனக்குத்தான் மண்டை காற்றோட்டமாக இருந்தது என்பார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு வயிறெரியும். ராவாங் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள் நான். ஆங்கிலப் பத்திரிகையை வரிக்கு வரி வாசித்து எங்களுக்கு அர்த்தம் சொன்ன மனிதர் கடைசிவரை பால் வாளி தூக்கியதை என்னால் கிண்டலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் அப்பா இறந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அவருக்கு நாங்கள் இரண்டு பெண்கள்தான், ஆண் பிள்ளை இல்லை. மூத்த மருமகன் என்ற முறையில் என் கணவர் ரவீந்திரன் கொள்ளி வைப்பதாகப் பேச்சு. அவரும் வேட்டி கட்டித் தயாராக நின்றார். காலையில் கோலா சிலாங்கூரிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினார். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. இந்த வெயிலிலும் அதை அவர் கழற்ற மாட்டார். தலையில் வழுக்கை என்று எங்களுக்குத் தெரியும், அதை மறைக்கத்தான் தொப்பி என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

உள்ளே வந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"திலகா, மொதல்ல அத எறக்கும்மா."

என் தங்கை குமுதா நாற்காலி போட்டுப் படத்தை இறக்கிச் சுவரோரம் திருப்பி வைத்தாள். அதன் பிறகுதான் அவர் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அப்பாவின் கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்ச் சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரத்திடம் தானே கொள்ளி வைப்பதாகச் சொன்னார்.

பண்டாரம் மறுத்தார். இளையவனுக்கு மூத்தவன் செய்வது முறை கிடையாது, மருமகன் இருக்கும்போது எதற்கு என்றார். கூட்டத்தில் இருந்த பெரியவர்களும் அதையே சொன்னார்கள். பெரியப்பா வாதாடவில்லை. என்னிடம் வந்தார்.

"எனக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல. அப்பாவுக்கும் செய்யல, அம்மாவுக்கும் செய்யல. இவன விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ சொன்னாத்தான் நடக்கும்."

எனக்கு இரக்கம் வந்ததாக நினைக்காதீர்கள். வந்தது கோபம். அன்று தலையை இழுத்துக்கொண்டவர் இன்று ஊர் பார்க்கப் பலகையில் உட்காரட்டும், கத்தி அந்தத் தலையில் ஏறுவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு கொதித்தது. "அவரே செய்யட்டும், மொட்டை அடிங்க" என்று சத்தமாகவே சொன்னேன். ரவீந்திரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பண்டாரம் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

போர்ச்சில் பலகை போட்டார்கள். பெரியப்பா உட்கார்ந்தார். முடி எடுப்பவர் அவர் தோளில் வெள்ளைத் துண்டைப் போர்த்தினார், சொம்பில் தண்ணீர் வைத்தார், கத்தியை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பெரியப்பா இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வழுக்கை என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. காதோரத்தில் இல்லை, பிடரியில் இல்லை, பூனைமுடிகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது தலை. முடி எடுப்பவர் கத்தியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், பண்டாரத்தைப் பார்த்தார்.

"இருந்தப்ப குடுக்கல" என்றார் பெரியப்பா, குனிந்தபடியே. "நீ எடுப்பா. எடுக்கிற மாதிரி எடு."

முடி எடுப்பவர் நல்ல மனிதர். தண்ணீர் தொட்டுத் தலை முழுக்கத் தடவினார். நெற்றியிலிருந்து பிடரிவரை, ஒரு காதிலிருந்து மறு காதுவரை, ஓர் இடம் விடாமல், கத்தியை நிதானமாக இழுத்தார். வழக்கமாகக் கேட்கும் சரசரப்பு இல்லை. பெரியப்பா கண்ணை மூடி, தலையை அசைக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் தொப்பியின் மேல் விழுந்தது. எத்தனையோ வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபம் எனக்குள் போக்கிடம் இல்லாமல் நின்றது. நானும் அழுதேன். அப்பாவுக்காக அழுதேனா இவருக்காக அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் முடி எடுப்பவர் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்து வாசலில் உதறினார். ஒன்றும் விழவில்லை.

பண்டாரம் சட்டியை நீட்டினார். பெரியப்பா எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார்.