ஏழு ஐம்பத்திரண்டு

என் நாட்குறிப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு வரிக்கு மேல் இருக்காது. புறப்பட்ட மணி, திரும்பிய மணி, சைக்கிள் மீட்டர் காட்டிய தூரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது. சனிக்கிழமைக்கு இரண்டே வரி: எந்தத் தியேட்டர், படம் எப்படி. பதினான்கு வருஷம் இப்படி எழுதினேன். அத்தனை வருஷமும் ஞாயிறு சவாரிக்கும் சனி மேட்னிக்கும் என்னோடு வந்தவர் ஒருவர்தான்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறு வருஷம் எனக்கு நாற்பத்தாறு வயது. அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். வீடு நெல்லித்தோப்பில். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், உப்பளத்தில் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். வேன் அவருடையதல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவருடையது. அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த ஒரு வேனும் அதன் பதினோரு பிள்ளைகளும்தான் நண்பரின் வேலை. ஆறு நாள் ஸ்டியரிங் பிடித்துவிட்டு ஏழாம் நாள் எதற்கு ஹேண்டில்பாரைப் பிடிக்கிறார் என்று அவர் மனைவி கேட்பார். "இதுல பின்னாடி யாரும் அழ மாட்டாங்க" என்பார் அவர்.

காலை ஐந்தே முக்காலுக்கு அவர் வீட்டு முனையில் சேர்ந்து, கடலூர் சாலை பிடித்து, அரியாங்குப்பம் பாலம் தாண்டி வீராம்பட்டினம் வரை போவோம். மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். முன்னால் போகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். குழி வந்தால் கையைக் கீழே காட்ட வேண்டும், மாடு வந்தால் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் முன்னவரின் முதுகைப் பார்த்து வந்தால் போதும். பாலம் வரை ஒருவர், பாலத்துக்கு அப்பால் மற்றவர் என்று முறை வைத்திருந்தோம். அந்த முறை எப்போது நின்றது என்பது என் குறிப்பில் இருக்கிறது. ஒரு மார்ச் மாதத்திலிருந்து போகும்போதும் வரும்போதும் நானே முன்னால். "உன் கை நல்லா காட்டுதுய்யா, நீயே போ" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அதே வருஷம் அவர் புறப்படும் நேரத்தை ஆறேகாலுக்குத் தள்ளச் சொன்னார். தூக்கம் போதவில்லையாம். எழுதிக்கொண்டேன். நான் வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் அவருக்குப் பிடித்தது. அதையும் எழுதியிருக்கிறேன், காரணம் தெரியாமல்.

தியேட்டரிலும் அப்படித்தான். முன்பெல்லாம் டைட்டில் ஓடும்போது உள்ளே நுழைந்து, காலை மிதித்து, திட்டு வாங்கி உட்காருவதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு அவர் விளக்கு அணைக்கும் முன்பே சீட்டில் உட்கார்ந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். உட்கார்ந்தால் இடைவேளையில்கூட எழமாட்டார். டீயும் முறுக்கும் நான் வாங்கி வர வேண்டும். "சோம்பேறி ஆகிவிட்டார்" என்று எழுதினேன். படம் முடிந்து எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, படியில் என் தோளில் கை போட்டுக்கொண்டு இறங்குவார். சிநேகத்தில் போடும் கை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்தாறான அந்த வருஷம், டிசம்பரில் ஒரு ஞாயிறு, வீராம்பட்டினத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் வந்துவிட்டிருந்தது. இடது பக்கச் சந்திலிருந்து ஒரு அம்மாள் தலையில் மீன் கூடையோடு ரோட்டுக்கு இறங்கினார். நான் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் தாண்டினேன். பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால் கூடை கவிழ்ந்து ரோடெல்லாம் கவலை மீன். அவர் சைக்கிளோடு கிடந்தார். அந்த அம்மாளுக்கு அடியில்லை, வாய்க்கும் குறையில்லை.

"யோவ், ஆளு நிக்கறது தெரியல? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"தப்புதாம்மா, தப்புதான்."

"இந்த வயசுல ரேஸு விடறானுங்க. பொண்டாட்டி வீட்ல சேத்துக்கலயா? மொதல்ல மீனப் பொறுக்கு."

இருவரும் பொறுக்கினோம். அவர் தன் முகத்துக்கு நேரே கிடந்த மீன்களை மட்டும் எடுத்தார். முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தவற்றை விட்டுவிட்டார். அந்த அம்மாள் அதையும் கவனித்தார். "அதோ பாரு, கைக்குக் கீழ. அதுவும் மீனுதான்யா."

அரியாங்குப்பம் டீக்கடையில் நான் இரண்டு கிளாஸ் வாங்கி வந்தேன். அவருக்கு நேரே நீட்டாமல் அவருடைய தோளுக்குப் பக்கவாட்டில், ஒரு முழம் தள்ளி நீட்டினேன். ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். விரல் சுடும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். "டீ இன்னும் வரல?" என்றார்.

"வந்து ரெண்டு நிமிஷம் ஆச்சு. எவ்ளோ நாளாய்யா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. கிளாஸைத் தேடி வாங்கிக்கொண்டார். "டாக்டருக்கு மூணு வருஷமாத் தெரியும். எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

"என்னதான் தெரியுது?"

கையைக் குழாய்போலச் சுருட்டிக் கண்ணில் வைத்துக் காட்டினார். "இவ்ளோதான். இருட்டுனா அதுவும் கெடையாது. ஆனா இதுக்குள்ள இருக்கறது பளிச்சுனு தெரியும். எதிர்த்தாப்புல அந்த போர்டுல கடைசி வரி படிக்கட்டா?" படித்தார். கண்ணாடி போட்டும் எனக்கு அது தெரியவில்லை. "மருந்து கெடையாதாம். கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கினே வருமாம்."

"லைசென்ஸு?"

"எழுத்தப் படிக்கச் சொன்னான். அடிவரைக்கும் படிச்சேன். சபாஷ்னான்."

"சிரிக்காதய்யா. பதினோரு புள்ளைங்கள ஏத்திக்கினு போற."

"அதான் திருப்பித் திருப்பிப் பாக்கறேனே. நீ கண்ணால பாக்கற, நான் கழுத்தால பாக்கறேன்." பிறகு குரல் இறங்கியது. "பொண்ணு இப்பதான் பிளஸ் டூ. இன்னும் மூணு வருஷம். அப்பால நானே சாவியக் குடுத்துடுவேன். வேற எந்த வேலையும் எனக்குத் தெரியாதுய்யா."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா தண்ணிச் சொம்ப தட்டுக்கு நேரா வெக்கறா?"

அன்று நாட்குறிப்பில் தூரம் பதினைந்தரை என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் தொடங்கிப் பன்னிரண்டு பள்ளி நாட்கள் அவருடைய வேனுக்குப் பின்னால் சைக்கிளில் போனேன். அலுவலகம் எட்டே முக்காலுக்கு, நேரம் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு முனையிலும் வேனை நிறுத்தி, தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினார். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள், திட்டினார்கள். ஒவ்வொன்றையும் மணியோடு குறித்துக்கொண்டேன். நான்கு இடத்தில் சைக்கிள்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்று இடத்தில் நடந்து போனவர்கள் பின்வாங்கினார்கள். அதெல்லாம் எந்த வேனுக்கும் நடப்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் நான் பின்னால் போகவில்லை. வேனின் இடது பக்கமாக முன்னேறி, முன் கதவுக்குச் சரியாக வந்து, அதே வேகத்தில் போனேன். கதவின் கண்ணாடி இறங்கியிருந்தது. கூப்பிட்டால் அவருக்குக் கேட்டுவிடும் என்று தோன்றியது. பள்ளி வீதிக்குத் திரும்பும் முனையில் அவர் வேகத்தைக் குறைத்தார். தலை வலது பக்கம் போனது, இடது பக்கம் வந்தது, என்னைத் தாண்டி வீதியின் தூரத்துக் கோடியைப் பார்த்தது, நேரானது. வேன் என்மேல் திரும்பியது. பிரேக் பிடித்துச் சாக்கடை ஓரத்துச் சுவரில் சாய்ந்தேன். முழங்கால் உரிந்தது. பின் சீட்டில் இருந்த ஒரு பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக் கை ஆட்டியது. வேன் போய்விட்டது. அவருக்கு எதுவும் தெரியாது. மணி ஏழு ஐம்பத்திரண்டு.

நான் இருந்த இடத்தில், அந்த உயரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இருந்திருந்தால் என்ற ஒரே எண்ணம்தான் அன்று முழுக்க இருந்தது. அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் மூணு வருஷம் என்பார், பெண்ணின் பெயரைச் சொல்வார், நான் மனம் இரங்கிவிடுவேன். இல்லையென்றால் சண்டை வரும். அடுத்த சனிக்கிழமை மேட்னிக்கு நான் தனியாகப் போக வேண்டியிருக்கும். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுவும் என் கணக்கில் இருந்தது. பிள்ளைகளும் தப்ப வேண்டும், சனி ஞாயிறும் எனக்கு மிஞ்ச வேண்டும்.

ஆகவே வேன் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடது கையால் எழுதினேன். பெயர் போடவில்லை, "பிள்ளைகளின் நலம் விரும்பும் ஒருவன்" என்று முடித்தேன். ஓட்டுநருக்குப் பக்கப் பார்வை இல்லை என்று மொட்டையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் எட்டு சம்பவங்களை நாள், மணி, வீதி, யார் ஒதுங்கினார்கள் என்று வரிசையாக எழுதினேன். எட்டாவதாக அந்த முனை. சைக்கிளில் வந்தவர் ஒருவர் என்று என்னையே மூன்றாம் மனிதனாக்கினேன். பெரிய தபாலாபீஸ் பெட்டியில் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றேன். மணி அடித்து விளக்கு அணைந்தபின் உள்ளே போனேன். இடைவேளையில் டீ வாங்க எழுந்திருக்கவில்லை. படம் எப்படி என்று குறிப்பில் எழுதவில்லை. ஞாயிறு ஆறேகாலிலிருந்து ஆறே முக்கால் வரை அவர் வீட்டு முனையில் நின்றுவிட்டு, போகாமல் திரும்பினேன். திங்கட்கிழமை வேனை வேறொருவர் ஓட்டிப்போனார். முனையில் நிறுத்தவே இல்லை. ஒரு பார்வை பார்த்தார், திருப்பினார், போய்விட்டார். அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்டது நிம்மதியென்றுதான் சொல்ல வேண்டும். வீதியோரம் நின்று அழுதேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு, மாலை நாலு பத்துக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் டிவிக்கு நேராக உட்கார்ந்திருந்தார், வாசல் அவருக்கு வலது பக்கம். எனக்கும் அவருக்கும் நாலு எட்டு இருக்கும். அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து என்னைப் பார்த்தார். வாங்கண்ணே என்று சொல்லவில்லை. வாசலுக்கு வந்து நிலைப்படியில் நின்றுகொண்டு, குரலை அடக்கிப் பேசினார்.

"அந்தக் கடுதாசிய யாரு படிச்சாங்கன்னு தெரியுமாண்ணே?"

கழற்றப்போன செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"சொல்தாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கரண்டு பில்லுலேர்ந்து கல்யாணப் பத்திரிக வரைக்கும் இவருதான் படிச்சுச் சொல்லுவாரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சொல்தா வீட்டுக்குக் கடிதம் படிக்கப் போனதால் பத்து நிமிஷம் தாமதம் என்று என் நாட்குறிப்பிலேயே நாலைந்து இடத்தில் இருக்கிறது.

"நின்னுக்கினே முழுசும் படிச்சாராம். ரெண்டு வரிய மாத்திப் படிச்சிருந்தா அந்தப் பெரியவருக்கு எங்க தெரியப் போவுது? ஏன்யா மாத்தலன்னு கேட்டேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்துச்சுன்னாரு."

"புள்ளைங்க இருக்காங்களேம்மா..."

"தெரியும்ணே. தெனம் வண்டி கெளம்பினா நானும் வவுத்துல நெருப்பக் கட்டிக்கினுதான் இருந்தேன். நீங்க பண்ணது தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லியிருக்கலாம். ஏழு அம்பத்திரண்டுன்னு மணி போட்டு இந்த ஊர்ல வேற யாரு எழுதுவான்னு ஒரு வாட்டி சிரிச்சாரு. அதோட சரி. அதுக்கப்புறம் உங்க பேச்சே எடுக்கல."

"நான் உள்ள வந்து பேசறேன்."

"வேணாம்ணே. இனிமேட்டு வராதீங்க."

"யாரது?" என்றார் அவர் உள்ளேயிருந்து. தலையைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் என்னைப் பார்த்திருப்பார்.

அவர் மனைவி உடனே பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் அந்த நேரத்தை விட்டுவைத்தார் என்று புரிந்தது. நான்தான்யா என்று சொன்னால் போதும். டிவியில் விளம்பரம் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. நான் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று நின்றுகொண்டிருந்தேன்.

"கேபிள்காரரு" என்றார் அவர் மனைவி.

"அடுத்த வாரம் வரச் சொல்லு."

"சொல்லிட்டேன்."

ஸ்டாண்டைக் காலால் தட்டாமல், குனிந்து கையால் எடுத்துவிட்டு, வீதி முனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.