என்னை நானே ஓட்டிக்கொண்ட கதை

எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் சிரிப்பு தவணை முறையில் வரும். நான் தமிழில் ஒரு ஜோக் சொன்னால் தமிழர்கள் இருவர் உடனே சிரிப்பார்கள். அவர்கள் கன்னடத்தில் சொல்லி நான்கு பேர் சிரிப்பார்கள். இந்திக்குப் போய்ச் சேர்வதற்குள் ரசம் ஆறிவிடும். விருதுநகரில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பதற்கு ஆள் உண்டு. பெங்களூர் வந்த ஒரே வருடத்தில் ஊமைச்சாமி ஆகிவிட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் அது. தொம்மலூரில் இருந்த எங்கள் அலுவலகத்தின் ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் ஸ்டாண்ட்-அப் காமெடி பேச ஆள் கேட்டார்கள். இழந்த பெயரை மீட்க இதுதான் சமயம் என்று முந்திக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டிமன்ற வித்தை. எங்கள் ஊர்த் திருவிழாவில் பேச எழுகிறவர் முதலில் நடுவரைத்தான் வம்புக்கு இழுப்பார். நடுவரும் விடாமல் திருப்பிக் காலை வாருவார். வாராமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. அலுவலக விழாவில் முன்வரிசையில் எங்கள் மேனேஜர், மைசூர்க்காரர், பரம சாது. நடுவர் கிடைத்துவிட்டார் என்று ஆரம்பித்தேன். சாருடைய மீட்டிங்குக்குள் பேச்சிலராகப் போகிறவன், வெளியே வரும்போது பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் தேடுகிறான் என்றேன். ஒரு சிரிப்பில்லை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவர் தம் ஷூவைப் பார்த்தார். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு, "எனி ப்ராப்ளம் வித் மீ?" என்று தணிந்த குரலில் கேட்டார். பட்டிமன்றத்தை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பக்கத்து சீட் ஸ்டெல்லா, பெங்களூர் காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், சிரித்தாள். "பாஸை எதுக்கு இழுக்கிறீங்க? உங்கள நீங்களே ஓட்டிக்குங்க. அப்ப யாருக்கும் பயமில்ல, எல்லாரும் சிரிப்பாங்க."

அடுத்த வருடம் அப்படியே செய்தேன். "கிரெடிட் கார்டு விற்க போன் வந்தால் நீங்கள் எல்லோரும் கட் பண்ணுவீர்கள். நான் பண்ண மாட்டேன். சாப்பிட்டீர்களா, ஊரில் மழையா என்று கேட்பேன். போன ஞாயிறு அந்தப் பெண்ணே, 'சார், எனக்கு வேலை இருக்கு, வச்சிடட்டுமா?' என்றாள்." அரங்கம் அதிர்ந்தது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றுதான் இந்த ஊர் எனக்குப் பிடித்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, கூடத்தில் எல்லோரும் இருக்க, அதே ஜோக்கை அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா கையில் எடுத்த முறுக்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அங்க ஒனக்குப் பேசக்கூட ஆளில்லையாடா?"

அது சும்மா ஜோக்கு என்றேன். அவள் நம்பவில்லை. அந்த நேரத்திலேயே, அக்கா கேட்ட கேள்வியை ஆபீசில் எப்படிச் சொல்வது என்று மனம் கோத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது. சிரிப்பு எந்த இடத்தில் விழும் என்றுகூடத் தெரிந்துவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.