துணிக்கை வராமல் வந்த செய்தி

கொடிகாமத்தில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அன்றைய பாடம் ஒளியின் தலையீடு, அதாவது ஒளி அலைகள் சேரும்போது ஒன்றையொன்று கூட்டுவதும் அழிப்பதும். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

ஒளியை இரண்டு வழியாகப் பிரித்துவிட்டு, திரும்பச் சேரும்போது ஒரு பக்கம் இருட்டாகவே இருக்கும்படி செய்யலாம் என்றேன். ஒரு வழியைக் கையால் மறித்துவிட்டு, ஒளியின் நுண்துகள்களான துணிக்கைகளை ஒவ்வொன்றாக அனுப்பினால் சில அந்த இருட்டுப் பக்கத்தில் வந்து விழும். அவை மறித்த வழியால் வந்திருக்க முடியாது. வந்திருந்தால் கையிலேயே நின்றிருக்கும். ஆனாலும் அங்கே கை இருப்பதைச் சொல்லிவிடுகின்றன; கை இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருட்டாகவே இருந்திருக்கும். கையிடமிருந்து ஒன்றும் வராமலே செய்தி வந்துவிட்டது. பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

விளக்குவதற்கு அம்மாவை இழுத்தேன். அவர் வல்வெட்டித்துறையில் தனியாக இருக்கிறார். வகுப்பு நேரத்தில் சும்மா சும்மா எனக்குப் போன் எடுக்கிறார் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு: ஏதும் என்றால் அழைப்பார், அழைக்காவிட்டால் சுகம். மூன்று நாளாக அழைப்பில்லை, ஆகவே சுகம், ஒரு துணிக்கையும் வராமல் அறிந்துகொண்டேன் என்று பெருமையடித்தேன்.

முன் வாங்கில் இருந்தவள் கேட்டாள்: "ரீச்சர், அவவின்ரை போன் வேலை செய்யுதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அங்கேயே நின்று அம்மாவுக்கு அழைத்துப் பார்த்தேன். தொடர்பு இல்லை. பாடத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியில் ஓடினேன்.

அம்மா கதிரையில் இருந்தார். ஒரு கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மூன்று நாளைக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாராம். பக்கத்து வீட்டார்தான் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். போனை வாங்கிப் பார்த்தேன். திரையின் மேலே குட்டி விமானப் படம். கை தவறி அதை அழுத்தியிருக்கிறார். அதன்பின் ஓர் அழைப்பும் போகவில்லை, வரவுமில்லை.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முந்தும். பக்கத்து வீட்டாரைக் கொண்டாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் எத்தினை தரம் போன் அடிச்சனான். நீ எடுக்கேல்லை. திருப்பி அடிக்கவுமில்லை. இனி என்ரை கரைச்சல் உனக்கு வேண்டாமெண்டு விளங்கிச்சு. பிறகேன் ஊராக்களைக் கொண்டு சொல்லுவிப்பான்?"

அப்படி ஒரு செய்தியை நான் அனுப்பவே இல்லை. மூன்று நாளாக அம்மா அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்.