நாலு பேர் டீமில் நாலாவது ஆள்

புள்ளியியல் வேலையில் கணக்குப் போடுவது சுலபம். போட்ட கணக்கு யார் தலையில் விடிகிறது என்று நின்று பார்ப்பதுதான் கொடுமை. இதில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்.

மைசூர்பாக் தட்டு

கலிபோர்னியாவில், மில்பிடாஸில் சிப் சோதனை செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. பக்கத்து க்யூபிக்கிள் பஷீர், கடையநல்லூர்க்காரன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், குவான்டைலுக்கும் குவார்ட்டைலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டான். நம்மைக் கேட்டால் போதாதா? மைசூர்பாக் தட்டைக் காட்டி ஆரம்பித்தேன். சமபங்காக அஞ்சு போடு, பத்து போடு, நூறு போடு, வெட்டுகிற கோடெல்லாம் குவான்டைல்தான். நாலு பங்கு போட்டால் மட்டும் அந்தக் கோட்டுக்குக் குவார்ட்டைல் என்று தனிப்பெயர். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்: “இதுக்கா அக்கா பிஎச்டி வரைக்கும் போனீங்க?”

பாஸ் குடித்த காபி

இரண்டாயிரத்து ஒன்றில் ஆள்குறைப்பு வந்தது. ஒவ்வொரு டீமிலும் வருடாந்திர வேலை மதிப்பீட்டு மார்க் வரிசைப்படி கடைசி குவார்ட்டைல், அதாவது கடைசிக் கால்வாசிப் பேர், வீட்டுக்கு என்று உத்தரவு. பஷீர் டீமில் இருந்ததே நாலு பேர், நாலு பேருமே கெட்டி. மற்ற டீம்களில் முதலாவதாக வந்தவர்களைவிட பஷீர் மார்க் அதிகம். ஆனால் சொந்த டீமில் அவன் நாலாவது. எச்-ஒன் விசாக்காரன், வேலை போனால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும், அப்ளை பண்ணிய க்ரீன் கார்டும் போச்சு.

பாஸ் ரூமுக்கே போனேன். கம்பெனி மொத்தத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள், எத்தனை பேர் போகணுமோ அந்த அளவுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள், அதுவும் குவான்டைல்தான், பஷீர் தப்பித்துவிடுவான் என்று மன்றாடினேன். மனுஷர் பொறுமையாகத்தான் கேட்டார். காபியைக் குடித்து முடித்துவிட்டு இங்கிலீஷில் சொன்னது இதுதான்: “நாலில் ஒன்று என்றால் எல்லாருக்கும் புரியும். உன் கோட்டை யார் உட்கார்ந்து விளக்குவது?”

டேகேர் வாசல்

பஷீர் தன் மகளை டேகேரிலிருந்து கடைசியாகக் கூட்டி வரப் போனபோது நானும் கூடப் போனேன். ஊருக்குப் போறோம்டா என்று அவன் சொன்னது அந்தக் குட்டிக்கு நன்றாகவே புரிந்தது. பதில் மட்டும் இங்கிலீஷில், வகுப்பில் ஒரு பொருளைக் காட்டிப் பேசும் தன் முறையைப் பற்றி: “ஓகே டாடி, பட் ஐ ஹாவ் ஷோ அண்ட் டெல் ஆன் மண்டே.”

ஏர்போர்ட்

அவர்களை நான்தான் ட்ரைவ் பண்ணிக் கொண்டுபோய் விட்டேன். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. மூணாவதாக வந்த சுரேஷுக்கும் உனக்கும் ஒரே ஒரு மார்க்தானே வித்தியாசம், பாவி, கூட ரெண்டு வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டேவிட்டேன். பஷீர் பெட்டியைக் கீழே வைத்தான். “வாங்கியிருந்தா சுரேஷ் போயிருப்பான் அக்கா. அவன் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம்.”

நாலு பேரை எப்படி நிறுத்தினாலும் ஒருத்தர் நாலாவதாகத்தான் நிற்பார் என்று சொல்வதற்குத்தான் எனக்கு அங்கே சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.