நாற்காலிப் படையும் எர்லிந்தாவின் தண்ணீர்த் தொட்டியும்

எர்லிந்தா ஓச்சோவாவிடம் யாராவது "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டால், "மாட்டுக் கட்சி" என்பாள். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தவர்கள், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அரிசோனாவின் தென்கோடியில் அவள் மேய்ச்சல் நிலம் முடிகிற இடத்தில் நாடும் முடிந்துவிடும். அந்தப் பக்கம் மெக்சிகோ. நடுவில் இருப்பது நாலு இழை முள்கம்பி, அவ்வளவுதான்.

புருஷன் குதிரையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்ததும், நிலத்தை விற்றுவிட்டு டூசான் நகரத்துக்குக் குடிபோகச் சொல்லி உறவுக்காரர்கள் எல்லாரும் வரிசையாக வந்து புத்தி சொன்னார்கள். அவள் அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள், யார் சொன்னதையும் கேட்கவில்லை. ஒரே மகன் ரூபென், எல்லைக் காவல்படையில் பச்சைச் சீருடை போட்டுக்கொண்டான். அந்த வட்டாரத்தில் நிலையான சம்பளம் என்றால் அந்த வேலைதான். அம்மா சுட்ட மாவு ரொட்டியையும் பீன்ஸையும் தின்றுவிட்டு அவன் ஆள் பிடிக்கப் போவான். யாரைப் பிடித்தாய் என்று அவள் கேட்க மாட்டாள். அவனும் சொல்ல மாட்டான்.

அவள் நிலத்தின் நடுவே, சீமைக் கருவேல மரங்களுக்குள் ஒரு பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீர் கிடையாது. எல்லை தாண்டி நடந்து வருகிறவர்கள் தாகம் தாங்காமல், தொட்டியிலிருந்து மாட்டுக் காடிக்குத் தண்ணீரை அளந்து விடும் மிதவையை உடைத்துக் குடிப்பார்கள். உடைந்த குழாய் வழியாகத் தண்ணீர் முழுவதும் மண்ணில் ஓடிவிடும், மறுநாள் மாடுகளுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. அதனால் தொட்டிக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் ஒரு குடிநீர்க் குழாயைப் பொருத்தினாள். இது ஊருக்குச் சொன்ன காரணம், பொய்யில்லை.

ஊருக்குச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. மாடுகள் வேறு மேய்ச்சலில் இருந்ததால் காடியை அடைத்து வைத்திருந்த ஒரு கோடையில், தொட்டிச் சுவரை ஒட்டி ஒருவன் செத்துக் கிடந்தான். உயரமான சுவர். ஏறிப் பார்த்திருக்கிறான், கையில் தெம்பில்லை. இரும்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அவன். பக்கத்து நிலத்துக்காரர் வெண்டல் ஸ்ட்ரவுடும் அவளும்தான் அவனைத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். வெறும் துக்கமில்லை, கோபமும் சேர்ந்த அழுகை. மறுநாள் வெண்டலே தன் கருவிப்பெட்டியோடு வந்து, தொட்டியில் துளை போட்டுக் கொடுத்தார்.

அப்படிப்பட்ட வெண்டல்தான், சில வருஷம் கழித்து, நாற்காலிப் படையைத் தன் நிலத்தில் இறக்கினார்.

எல்லைக் கண்காணிப்புத் தொண்டர்கள் என்பதுதான் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். ஊர் வைத்த பெயர் நாற்காலிப் படை. வடக்கே எங்கெங்கோ இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற ஆண்கள். மடக்கு நாற்காலி, தொலைநோக்கி, வாக்கி டாக்கி, தலையில் ஒரே மாதிரித் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. பகலெல்லாம் வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். யாராவது தாண்டினால் காவல்படைக்குத் தகவல் சொல்வார்கள். தலைவர் டுவேன் ப்ரூயெட், ஒஹாயோவில் பஸ் ஓட்டியவர், மரியாதை தெரிந்த மனிதர். அவர்கள் படம் டிவியில் வந்ததும் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

வெண்டல் எர்லிந்தாவின் அடுக்களையில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தொட்டிகிட்ட நாலு நாற்காலி போட்டா போதும், எர்லிந்தா. எல்லாரும் அங்கதான் வர்றாங்க."

"தண்ணி குடிக்க வர்றவனை மறைஞ்சிருந்து பிடிக்கணும். அதானே?"

"மறைஞ்சிருக்கறது இல்ல. உக்காந்திருக்கறது."

"என் மகன் செய்யற வேலை அது. அவனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, பயிற்சி குடுத்திருக்காங்க. இவங்களுக்கு யாரு குடுத்தா? தொப்பிக் கடைக்காரனா?"

வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. காபியை முடிக்காமல் எழுந்து போனார்.

ஜூன் மாதம். மழைக்கு இன்னும் நாள் இருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. தெற்கு மேய்ச்சலுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கேட் உண்டு. கோடையில் அது திறந்தே கிடக்கும், மாடுகள் தாமாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும். காலடித் தடம் ஒன்றைத் தேடிக்கொண்டு டுவேனும் வேறு இருவரும் அவள் நிலத்துக்குள் வந்தார்கள். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார்கள். கள்ளத்தனமாக வந்தவர்கள் திறந்துபோட்டது என்று நினைத்து, நல்ல காரியம் செய்கிற நிறைவோடு அதை மூடி, சங்கிலியும் போட்டுவிட்டுப் போனார்கள்.

எர்லிந்தா அந்தப் பக்கம் போனபோது மாடுகள் கேட்டில் முட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தன. தண்ணீர் வாசனை அவற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கும். மூன்று பசுக்கள் விழுந்து செத்திருந்தன. ஒன்றின் மடியை ஒரு கன்று இன்னும் முட்டிக்கொண்டிருந்தது.

டுவேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். நல்லதுன்னு நினைச்சுத்தான் மூடினோம்."

"இந்தப் பக்கத்துல நடக்கப் பழகற குழந்தைக்குக்கூடத் தெரியும். தொறந்திருந்தா தொறந்தபடி விடணும், மூடியிருந்தா மூடிட்டுப் போகணும். உங்களுக்கு வேலிதான் கண்ணுல பட்டுது. வேலிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கவே இல்ல."

"நாங்க உதவி செய்ய வந்தவங்க."

"செஞ்சாச்சே, பாருங்க! இன்னும் செஞ்சா எனக்குத் தாங்காது. வண்டியை எடுங்க."

அந்த வாரமே, குழாயையும் நாற்காலிப் படையையும் பற்றிப் பேச, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊர்க்கூட்டம். கேமரா வந்திருந்தது, வெளியூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பந்தோபஸ்துக்காகச் சீருடையில் நின்ற மூன்று பேரில் ரூபென் ஒருவன்.

டுவேன் நிதானமாகப் பேசினார். "சட்டப்படி காத்திருந்து வர்றவங்க இருக்காங்க. வேலி தாண்டி வர்றவனுக்குத் தண்ணி வச்சா, அது வா வான்னு கூப்பிடறது இல்லாம வேற என்ன?" கைதட்டல் கூரையை இடித்தது. டூசானிலிருந்து வந்த தேவாலயத்துப் பெண்மணி ஒருத்தி துள்ளி எழுந்து, எர்லிந்தா ஒரு தேவதை, அவள் தொட்டியில் பெரிய கொடி கட்டி ஊர்வலம் வரவேண்டும் என்றாள்.

"தேவதையுமில்ல, பூதமுமில்ல," என்றாள் எர்லிந்தா உட்கார்ந்தபடியே. "என் தொட்டியில கொடி கட்டினா மாடு மிரளும். நீங்களும் உக்காருங்க."

இரண்டு பக்கமும் முறைத்தது. அப்போது வெண்டல் எழுந்தார்.

"லொரீன் குளிச்சிட்டு வெளிய வந்தா, அடுக்களையில மூணு ஆம்பளைங்க நின்னுகிட்டிருந்தாங்க. என் பொண்டாட்டி, என் வீட்டுல. அன்னிக்குப் போனவதான், பீனிக்ஸ்ல தங்கச்சி வீட்டுல இருக்கா, திரும்ப வரமாட்டேங்கறா. இதையெல்லாம் டிவிக்காரங்க கேக்கல." எர்லிந்தாவின் பக்கம் திரும்பினார். "குழாயை மூடு, எர்லிந்தா. இல்லேன்னா இந்த வருஷம் உன் மாட்டை வளைக்க நான் வரமாட்டேன்."

மலையிலும் ஓடையிலும் சிதறிக் கிடக்கும் மாடுகளை இலையுதிர்காலத்தில் வளைத்துச் சேர்ப்பது தனி ஆளால் ஆகிற காரியமல்ல. அவர் அவளுக்கு வருவார், அவள் அவருக்குப் போவாள். இப்படித்தான் அந்த நிலங்கள் இத்தனை காலம் பிழைத்தன. அவர் வரவில்லையென்றால் கன்றுகளைச் சந்தைக்குச் சேர்க்க முடியாது, நிலம் கையைவிட்டுப் போகும். அவர் மிரட்டியது அதைச் சொல்லித்தான். எல்லாருக்கும் புரிந்தது.

எர்லிந்தா எழுந்தாள். செத்துக்கிடந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வெண்டல் அங்கேயே கூசிப் போயிருப்பார். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. கேமராவைப் பார்த்தாள். அதை விழுங்கினாள்.

"லொரீனுக்கு நடந்தது அநியாயம். அது என் வீட்டுல நடந்திருந்தா நானும் கத்தியிருப்பேன். அந்த மூணு பேரையும் தேடிப் பிடிச்சவன் அதோ நிக்கறான், என் வயித்துல பொறந்தவன். பிடிக்கறது அவங்க வேலை, பிடிக்கட்டும். நான் யாரையும் ஒளிச்சும் வைக்கல, கூட்டிட்டும் வரல. ஆனா என் தண்ணிக்கு நான் பூட்டுப் போட மாட்டேன். என் நிலத்துல துப்பாக்கியோட எவனும் நாற்காலி போடவும் விடமாட்டேன். நீ வரலையா வெண்டல்? வராதே."

"உன் மகன் என்ன சொல்றான்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாத் தலைகளும் திரும்பின. ரூபெனின் காது சிவந்தது.

"நான் டியூட்டில இருக்கேன்," என்றான். "அப்புறம், அது எங்கம்மா தொட்டி. எனக்கே அதைத் தொடத் தைரியம் கிடையாது."

சிரித்தவர்களும் உண்டு, காறித் துப்பியவர்களும் உண்டு.

ஜூலை வெயிலில் கேமரா கிளம்பியது. கேமரா போனதும் நாற்காலிகளும் ஒவ்வொன்றாக மடங்கின. டுவேன் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு, முதுகுவலி என்று ஊருக்குப் போனார். இலையுதிர்காலம் வந்தது. வெண்டல் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர், பாழாய்ப்போனவர்.

ரூபென் லீவு போட்டான். அம்மாவும் மகனும் குதிரையேறினார்கள். நாலு ஆள் வேலை. அவள் முழங்கால் வீங்கியது, அவனுக்கு முள் கிழித்தது. ஒரு பக்கம் வளைத்தால் மறுபக்கம் மாடு ஓடிப்போகும். ஸ்பானிஷில் இருக்கிற வசவெல்லாம் தீர்ந்து, ஆங்கிலத்துக்கு வந்தாள். சில கன்றுகள் கடைசிவரை அகப்படவேயில்லை. அந்த நஷ்டத்தை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டாள். வேலி அறுந்த இடங்களில் வெண்டலின் பசுக்களும் கன்றுகளும் வந்து கலந்திருந்தன. தாய்ப்பசு யாருடையதோ, கன்றின் தொடையில் சூடு போடுவதும் அவர் முத்திரையைத்தான் என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஒரு காலையில் வெண்டலின் பட்டியில் அவள் வண்டி நின்றது. ரூபென் மாடுகளை இறக்கினான். வெண்டல் வாசலில் தனியாக நின்றிருந்தார். சவரம் செய்து நாளாகியிருந்தது.

"உன்னோடதுதான். கன்னுக்கெல்லாம் சூடு போட்டாச்சு, உன் முத்திரையே," என்றாள்.

அவர் கன்றுகளின் தொடையைப் பார்த்தார். ஒழுங்காக, நேராகப் போட்ட சூடு.

"நான்தான் உனக்கு வரலையே."

"அது உன் இஷ்டம்."

"நான் இன்னும் மாறல, எர்லிந்தா. அந்தக் குழாய் தப்புதான்."

"நான் மட்டும் மாறிட்டேனா? குழாய் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு." வண்டியின் கதவை அறைந்து சாத்தினாள். "வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க, வெண்டல். இங்க உனக்கு இருக்கறது நான் ஒருத்திதான். அடுத்த வாரம் உன் மாடு வளைக்கணும். நீ கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாட்டியும் வருவேன். முடிஞ்சா தடுத்துப் பாரு."